மலைக் குளிருக்கு வீட்டுக் கைப்பின்னல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் பிறந்துவிட்டால் நீலகிரியிலிருந்து உறைபனிச் செய்திகள் வரத் தொடங்கிவிடுகின்றன. தலைகுந்தா புல்வெளியில் வெண்ணிறமாகப் பனி படர்ந்திருக்கும் படமும், வாகனங்களின் கூரைமேல் உறைந்த பனியைச் சுற்றுலாப் பயணிகள் விரலால் சுரண்டிப் பார்க்கும் படமும் ஆண்டுதோறும் நாளிதழ்களில் இடம்பெறுகின்றன. அவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால் அதே விடியற்காலையில் கேரட் தோட்டத்து ஈரமண்ணில் கைவைக்கும் தொழிலாளர்களும், பனி உலராத தேயிலைச் செடிகளுக்கிடையே நிற்கும் பெண்களும், வீடு வீடாக நாளிதழ் போடச் செல்லும் இளைஞர்களும், பேருந்துக்காகச் சாலையோரம் காத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளும் காதிலும் கழுத்திலும் கையிலும் என்ன அணிந்திருக்கிறார்கள் என்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மலைப் பள்ளியொன்றில் கைத்தொழில் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அதைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒரு தலைமுறைக்கு முன்புவரை உதகை, குன்னூர், கோத்தகிரி வீடுகளில் மாலை வேளையில் இரண்டு ஊசிகளும் ஓர் உருண்டை உல்லன் நூலுமாக அமர்ந்திருக்கும் பெண்களைக் காண்பது சாதாரணமாக இருந்தது. கணவருக்கு மஃப்ளர், பிள்ளைக்குக் குல்லா, பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்குக் காலுறை என்று அவர்கள் பின்னியவை அனைத்தும் வீட்டுக்குள்ளேயே பயன்பட்டன. இன்று அந்த வேலை அருகிப்போய்விட்டது. தாவரவியல் பூங்காவுக்கு அருகிலுள்ள திபெத்தியர் கடைகளிலும் மற்றக் கடைகளிலும் இயந்திரத்தில் பின்னிய ஆடைகள் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவதில் தவறேதும் இல்லை. ஸ்வெட்டரைப் பொறுத்தவரை கடைச் சரக்கே பலருக்குப் போதும் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். கழுத்துத் துண்டும் கையுறையும் அப்படி அல்ல. அவை அணிபவரின் கை அளவையும் செய்யும் வேலையையும் ஒட்டி அமைய வேண்டியவை. வீட்டில் பின்னும்போதுதான் அந்தப் பொருத்தம் முழுமையாகக் கைகூடுகிறது.

கைப்பின்னலைப் பற்றிப் பேச்செடுத்தாலே அதிகாரிகளும் தொண்டு நிறுவனத்தாரும் உடனே மகளிர் சுய உதவிக் குழு, கண்காட்சி அரங்கு, கூடுதல் வருமானம் என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. எட்டாம் எண் ஊசியில், அதாவது 4 மில்லிமீட்டர் பருமனுள்ள ஊசியில், நடுத்தரப் பருமனுள்ள நூலைக் கொண்டு 20 சென்டிமீட்டர் அகலமும் 160 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு சாதாரண மஃப்ளரைப் பின்ன வேண்டுமானால், வரிசைக்கு 44 கண்ணிகளாக, அதாவது ஊசியில் விழும் 44 நூல் வளையங்களாக, ஏறத்தாழ 640 வரிசைகள் பின்ன வேண்டும். மொத்தம் 28,000 கண்ணிகளுக்கு மேல் வருகிறது. கை பழகியவர் நிமிடத்துக்கு 25 கண்ணி பின்னினாலும் பதினெட்டு மணி நேரத்துக்குக் குறையாது. இரண்டு முழு நாள் கூலியையும் சுமார் 200 கிராம் நூலின் விலையையும் சேர்த்துக் கேட்டால் எந்த வாடிக்கையாளர் கொடுப்பார்? கொடுக்க மாட்டார்கள் என்பதால் கூலியைக் குறைத்துக்கொள்வது பின்னுகிற பெண்தான். இயந்திரம் சில நிமிடங்களில் முடிக்கும் வேலையோடு விலையில் போட்டியிடச் சொல்லி, அது முடியாதபோது கைத்தொழிலே வீண் என்று முடிவுகட்டுவது நியாயமாகாது.

அதே பதினெட்டு மணி நேரத்தை வீட்டுக்காகச் செலவிடும்போது நிலைமை முற்றிலும் மாறுகிறது. சோறு வேகும் நேரம், மருத்துவமனையில் வரிசையில் அமர்ந்திருக்கும் நேரம், மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் இடையே பேருந்தில் கழியும் நேரம், பிள்ளைகள் பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் ஆகியவற்றுக்குக் கூலி கணக்கிடுவார் எவருமில்லை. அந்தத் துண்டு துண்டான நேரத்திலேயே ஒரு மஃப்ளர் முடிந்துவிடும். லாட்வியா நாட்டில் மணப்பெண் தன் கையால் பின்னிய கையுறைகளை மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிசாக வழங்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்தது. அதற்காகச் சிறுவயதிலிருந்தே பெண்கள் பின்னிப் பெட்டியில் சேர்த்துவைப்பார்களாம். 2006-ஆம் ஆண்டு அந்நாட்டுத் தலைநகர் ரீகாவில் நேட்டோ மாநாடு நடந்தபோது, வந்திருந்த விருந்தினர்களுக்குக் கொடுப்பதற்காக நாடெங்கும் உள்ளவர்கள் 4,500 இணைக் கையுறைகளைப் பின்னித் தந்தார்கள். வீட்டுக்குள் உறவினருக்காகச் செய்த வேலையையே ஒரு நாடு தன் அடையாளமாக எடுத்து முன்வைத்தது. நம் மலைமக்களில் தோடர் பெண்களின் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நாம் அனைவரும் பெருமையோடு வரவேற்றோம். ஊசிப் பின்னலுக்கு அப்படி ஓர் ஏற்பு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது நம் மண்ணில் பிறந்த கலையும் அன்று. குளிருக்கான ஓர் எளிய வீட்டு வேலையாக அது நம்மிடையே தொடர்ந்தால் போதும்.

கைகளை எடுத்துக்கொள்வோம். ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை உள்ள கிளவுஸைத்தான் நாம் பெரும்பாலும் வாங்குகிறோம். அதில் ஒவ்வொரு விரலும் தனித்து நின்று தன் வெப்பத்தைச் சுற்றிலும் இழக்கிறது. நான்கு விரல்களும் ஒரே பைக்குள் சேர்ந்திருக்க, கட்டைவிரல் மட்டும் தனியே நிற்கும் மிட்டனில் விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சூட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. காற்றுப் படும் பரப்பும் குறைகிறது. ஒரே நூலில் ஒரே கைப்பதத்தில் பின்னினாலும் மிட்டனே கதகதப்பைக் கூடுதலாகத் தருவதற்கு இதுதான் காரணம். பின்னுவதற்கும் அதுவே எளிது. சராசரிக் கைக்கு 40 கண்ணி ஏற்றி, மணிக்கட்டுப் பகுதியில் இரண்டு நேர்க்கண்ணி (அடிப்படைக் கண்ணி), இரண்டு எதிர்க்கண்ணி (அதையே மறுபுறமாகப் பின்னுவது) என்று மாற்றி மாற்றிப் பின்னினால் அது இழுபட்டுச் சுருங்கி மணிக்கட்டைப் பற்றிக்கொள்ளும். அதற்குமேல் நேராகப் பின்னிச் சென்று, கட்டைவிரலுக்குரிய கண்ணிகளை வேறு நிற நூலில் கோத்து ஒதுக்கிவைத்துவிட்டு, விரல் நுனியை நெருங்கும்போது இரண்டிரண்டு கண்ணிகளாகச் சேர்த்துக் குறைத்து முடிக்கலாம். ஒதுக்கிவைத்த கண்ணிகளைப் பிறகு ஊசியில் எடுத்துக் கட்டைவிரலைப் பின்னிக்கொள்ளலாம். ஓர் இணைக்கு 60, 70 கிராம் நூல் போதும். நான்கு ஊசிகளால் வட்டமாகப் பின்னத் தெரியாதவர்கள் இரண்டு ஊசியில் தட்டையாகப் பின்னி ஓரத்தைத் தைத்துக்கொண்டாலும் குறையொன்றும் இல்லை.

தேயிலை பறிப்பவருக்கு விரல் நுனி வெளியே இருந்தாக வேண்டும். எனவே முழு மிட்டன் அவருக்கு ஆகாது. விரல்களின் முதல் கணுவோடு நின்று, கட்டைவிரலுக்கு ஒரு துளை விட்டு, முன்கை வரை நீண்டிருக்கும் கையுறை அவருக்கு உதவும். மணிக்கட்டில் இரத்தக் குழாய்கள் தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன. அந்த இடத்தை மூடிவைத்தாலே விரல்கள் விறைப்பது பெருமளவு குறையும். இத்தகைய கையுறையைக் கடையில் அரிதாகத்தான் காண முடிகிறது. வீட்டிலோ நான்கு மாலை வேளைகளில் பின்னிவிடலாம். நீரில் கைநனைத்து வேலை செய்பவர்களுக்கு ரப்பர் கையுறையே காப்பு. அதற்குள் மெல்லிய கம்பளிக் கையுறை ஒன்றை அணிந்தால் கை மரத்துப்போகாது. சிறு பிள்ளைகளுக்கு மணிக்கட்டுப் பகுதியை நீளமாகப் பின்னி மடித்துவிட்டால், கை வளர வளர மடிப்பை அவிழ்த்துவிட்டு அடுத்த குளிர்காலத்துக்கும் பயன்படுத்தலாம்.

மஃப்ளர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். இருசக்கர வாகனத்தில் செல்பவரின் துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் சக்கரத்தில் சிக்கி நேர்ந்த விபத்துகளை நாம் அறிவோம். நீண்ட மஃப்ளருக்கும் அதே ஆபத்து உண்டு. புகழ்பெற்ற நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927-இல் பிரான்சின் நீஸ் நகரில், கழுத்தில் அணிந்திருந்த நீண்ட துணி காரின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டதால்தான் உயிரிழந்தார். ஆகவே வண்டி ஓட்டுபவர்களுக்கும் ஓடியாடும் குழந்தைகளுக்கும் இரு முனைகளையும் இணைத்து வளையமாகப் பின்னிய கழுத்துப் பட்டையே ஏற்றது. நூலும் அதற்குக் குறைவாகவே செலவாகும்.

அடுத்து நூலைப் பற்றிப் பேச வேண்டும். இக்கடிதத்தை எழுதத் தூண்டியதும் அதுதான். இன்று நம் கடைகளில் உல்லன் நூல் என்ற பெயரில் கிடைப்பதில் பெரும்பகுதி ஆட்டின் மயிரிலிருந்து வந்ததன்று. பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து ஆலையில் செய்யப்படும் அக்ரிலிக் இழை. அது விலை மலிவு, துவைக்க எளிது, பூச்சி அரிக்காது. ஆதலால் அதை வேண்டாமென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பனியிலும் சாரலிலும் உழைக்கும் உடலுக்கு உண்மையான கம்பளியின் குணம் அதில் இல்லை. கம்பளி இழை இயற்கையாகவே நெளிந்திருப்பதால் இழைகளுக்கிடையே காற்று தங்குகிறது. வெப்பத்தை வெளியே விடாமல் காப்பது அந்தக் காற்றே. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பின்னும் கம்பளி தொடுவதற்கு நனைந்ததுபோல் இருக்காது. ஈரத்தை உறிஞ்சும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளியிடுகிறது. அக்ரிலிக் ஈரத்தை உறிஞ்சுவது மிகக் குறைவு. வியர்வை தோலின்மேலேயே தங்கிக் குளிர்ந்துவிடும்.

தீயின் முன்னால் இந்த வேறுபாடு இன்னும் முக்கியமாகிறது. மலையில் விறகடுப்பும் கரிச்சட்டியும் இன்னும் பல வீடுகளில் உண்டு. குளிர் காய்வதற்காக அவற்றை ஒட்டியே அமர்கிறோம். கம்பளி எளிதில் தீப்பற்றாது. பற்றினாலும் கருகி, தீயை விலக்கியதும் பெரும்பாலும் அணைந்துவிடும். அக்ரிலிக்கோ உருகி எரியும். உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். குழந்தையின் கழுத்தில் சுற்றும் துண்டு எந்த நூலால் ஆனது என்பதைத் தாய்மார்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஓர் இழையை வெட்டி இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே தீக்குச்சியைக் காட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: முடி கருகும் நாற்றத்துடன் எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலை விட்டால் அது கம்பளி, கெட்டியான கரிய மணியாக உருண்டுகொண்டால் அது செயற்கை இழை. மூடிய அறையில் கரிச்சட்டியை வைத்துக்கொண்டு உறங்கி, கார்பன் மோனாக்சைடு நச்சு வாயுவால் உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்திகளை மலைப்பகுதிகளிலிருந்து பலமுறை படித்திருக்கிறோம். தலைக்கும் கழுத்துக்கும் கைகால்களுக்கும் போதிய கம்பளி இருக்கும் வீட்டில் அந்தச் சட்டியை உறங்கும் அறைக்குள் கொண்டுசெல்ல வேண்டிய தேவை குறையும்.

அப்படியானால் கம்பளி நூலுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நம் மலைகளிலேயே கம்பளி இருக்கிறது. தென்னிந்தியச் செம்மறி இனங்களில் பெரும்பாலானவை இறைச்சிக்காக வளர்க்கப்படுபவை. நீலகிரிச் செம்மறியோ மென்மையான கம்பளி தரும் இனம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர்ச் செம்மறியோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய அயல்நாட்டு இனங்களைக் கலந்து உருவானதாக அதைக் குறிப்பிடுகிறார்கள். உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் அந்த இனத்தைப் பேணிவருகிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில், மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இயங்கிவருகிறது. அங்கே பாரத் மெரினோ ஆடுகள் வளர்க்கப்படுகின்றன. சுற்றுலா வருபவர்கள் அந்தப் புல்வெளியில் ஆடுகளோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த ஆடுகளின் மேனியில் வளரும் கம்பளி, அதே மலையில் குளிரில் நடுங்கும் ஒரு குழந்தையின் கையுறையாக மாறுவதற்கு வழியொன்றும் நம் கண்ணுக்குத் தென்படவில்லை.

கத்தரித்த கம்பளியை உடனே நூற்க முடியாது என்பதை நான் அறிவேன். அதிலுள்ள கொழுப்பையும் அழுக்கையும் வெந்நீரில் போக்கி, உலர்த்தி, சிக்கெடுத்து, சீவி, அதன்பிறகே நூற்க வேண்டும். ஆயினும் கோயம்புத்தூரைச் சுற்றி இத்தனை நூற்பாலைகள் இயங்கும் மாநிலத்தில், ஆண்டுக்கு ஒருமுறை சிறிதளவு கம்பளியைத் தனியே நூற்று, சாயமேற்றாமல் இயற்கை நிறத்திலேயே 100 கிராம் சிட்டங்களாகக் கட்டி, மலைப்பகுதிகளிலுள்ள கூட்டுறவு அங்காடிகளிலும் கோ-ஆப்டெக்ஸ் கடைகளிலும் விற்பனைக்கு வைப்பது இயலாத காரியமாக எனக்குத் தோன்றவில்லை. ஆலை முன்வராவிட்டால் தக்ளியிலும் ராட்டையிலும் நூற்கலாம். பருத்தியைக் கையால் நூற்ற பள்ளிகள் நம் நாட்டில் இருந்திருக்கின்றன. கால்நடைப் பராமரிப்புத் துறையும் கைத்தறித் துறையும் ஒருமுறை ஒன்றாக அமர்ந்து பேசினாலே முதல் அடி எடுத்துவைத்ததாகிவிடும் என்று நம்புகிறேன்.

அதுவரை வீட்டில் இருப்பதைப் பயன்படுத்தலாம். சிறிதாகிப்போன, முழங்கை கிழிந்த பழைய கம்பளி ஸ்வெட்டர் பெட்டியடியில் கிடக்காத மலைவீடு குறைவு. தையலைப் பிரித்து, கழுத்துப் பகுதியிலிருந்து நூலை உருவி, நாற்காலியின் முதுகில் சுற்றிச் சிட்டமாகக் கட்டி, ஆறிய நீரில் அலசி, கீழே சிறு பாரம் தொங்கவிட்டு நிழலில் உலர்த்தினால் நெளிவு நீங்கிப் புது நூலாகிவிடும். அப்பாவின் ஸ்வெட்டர் ஒன்றிலிருந்து இரண்டு பிள்ளைகளுக்கு மஃப்ளரும் மிட்டனும் தாராளமாகக் கிடைக்கும். கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் இழையின் மேலுள்ள செதில்கள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கிவிடும். தண்ணீரும் சோப்பும் மிதமாக இருக்க வேண்டும், முறுக்கிப் பிழியக் கூடாது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். அப்படிச் சுருங்குவதையே நன்மையாக்கிக்கொண்டவர்களும் உண்டு. வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரை மீனவர்களுக்காக மிட்டன்களை வேண்டுமென்றே பெரிதாகப் பின்னி, பிறகு சுருங்கவைத்து, காற்றுப் புகாத கெட்டித் துணியாக்கிக் கொடுத்தார்கள்.

பள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2012-இல் அரசுப் பள்ளிகளில் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களில் தையல் கற்பிப்பவர்களும் இருக்கிறார்கள். நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறைப் பகுதிப் பள்ளிகளிலாவது அவர்கள் ஊசிப் பின்னலையும் கற்பிக்கக் கல்வித்துறை வழிசெய்ய வேண்டும். செலவு மிகக் குறைவு. ஓர் இணை ஊசி பல ஆண்டுகள் உழைக்கும். மூங்கில் குச்சியைச் சீவி உப்புத்தாளால் தேய்த்து ஊசி செய்துகொள்ளவும் பிள்ளைகளால் முடியும். நேர்க்கண்ணி மட்டும் தெரிந்தாலே மஃப்ளர் பின்னிவிடலாம். இருபுறமும் ஒரே தோற்றமாக, ஓரம் சுருளாமல் கிடக்கும். கண்ணிகளை எண்ணிக் குறைப்பதிலும் கூட்டுவதிலும் கணக்குப் பாடம் தானாகவே கைக்கு வருகிறது. மனம் ஓரிடத்தில் நிலைக்காத பிள்ளைகள் பின்னலில் அமைதியடைவதை வகுப்பறையில் கண்டிருக்கிறேன்.

இதைப் பெண்பிள்ளைகளின் வேலை என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதை அழுத்தமாகக் கூற விரும்புகிறேன். பெரு நாட்டில், கடல்மட்டத்துக்கு 3,800 மீட்டர் உயரத்திலுள்ள டிடிகாகா ஏரியின் தக்கீலே தீவில் பின்னுவது ஆண்களின் வேலை. சிறுவயதிலேயே ஆண்பிள்ளைகள் ஊசி பிடிக்கப் பழகித் தங்கள் குல்லாய்களைத் தாங்களே பின்னிக்கொள்கிறார்கள். அத்தீவின் துணிக்கலையை யுனெஸ்கோ 2005-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. என் வகுப்பில் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் பையன்களும் ஆர்வத்தோடு கற்றார்கள். அவர்களைத் தடுத்தவர்கள் பெரியவர்களே. தனக்கு வேண்டிய கதகதப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளத் தெரிவதில் ஆண், பெண் என்ற பேதம் எதற்கு?

தங்கள் நாளிதழிடமும் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. இணைப்பிதழ்களில் கோலமும் சமையல் குறிப்பும் வெளிவரும் பக்கத்தில், மலைப்பதிப்புக்கு மட்டுமாவது, மஃப்ளர், கழுத்துப் பட்டை, மிட்டன் ஆகியவற்றைப் பின்னும் முறையைப் படங்களோடு வாரம் ஒரு பகுதியாக வெளியிட வேண்டுகிறேன். மார்கழி பிறந்தபின் வெளியிட்டால் பயனில்லை. ஒரு குடும்பத்துக்குத் தேவையானவற்றைப் பின்னி முடிக்க இரண்டு மாதங்களாவது ஆகும் என்பதால், ஆவணி மாதத்திலேயே அதைத் தொடங்கிவிட்டால் கார்த்திகைக் குளிருக்குள் பலருடைய வீடுகளில் வேலை முடிந்திருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கைத்தொழில் ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.